வானத்தைப் பார்த்த பீரங்கி தரைக்குத் திரும்பியது! டாங்கிப் படையை மறித்த பள்ளிக்கூடத்துப் பெண்கள்

ஸ்டாலின்கிராடு நகரில் 1942-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

விமானத்தைச் சுடுவதற்காக நிறுத்தி வைத்த பீரங்கிகள், ஊருக்குள் நுழைய வந்த ஜெர்மன் டாங்கிகளைச் சுட்டன. பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பலர் பெண்கள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பொண்ணுங்க.

அவர்களுக்கு முன்னால் ஒரு காலாட்படை வீரர்கூட இல்லை. டாங்கியை எப்படிச் சுடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கையிருப்பில் குண்டும் குறைவு.

ஆனாலும் 37 பீரங்கித் தளங்களும் அழியும்வரை சண்டை நடந்தது.

அந்தப் படையின் பெயர் 1077-வது விமான எதிர்ப்பு பீரங்கி ரெஜிமெண்டு. அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆற்றங்கரை நகரம்

ஸ்டாலின்கிராடு, ரஷியாவில் வால்கா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஊர். 1925 வரை அதற்கு சாரிட்சின் என்று பெயர். 1961-ல் வால்கோகிராடு என்று மறுபடியும் பெயர் மாறியது. 1939-ம் ஆண்டு கணக்குப்படி 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் அங்கு வசித்தார்கள். யுத்தம் வந்தபிறகு அகதிகளும் வந்து குவிந்தார்கள். ஊரில் நெரிசல் தாங்கவில்லை.

ஊருக்கு நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது. ஆற்றை ஒட்டி ரிப்பன் மாதிரி பல மைல் தூரம் போகும். வடக்குக் கோடியில் டிராக்டர் தொழிற்சாலை. அதற்குத் தெற்கே பாரிக்காடி பீரங்கித் தொழிற்சாலை. அதையும் தாண்டினால் சிவப்பு அக்டோபர் இரும்பு ஆலை.

டிராக்டர் தொழிற்சாலை என்பது பெயருக்குத்தான். யுத்த காலத்தில் அங்கே தயாரானது டி-34 டாங்கி. அந்தத் தொழிற்சாலை போய்விட்டால் டாங்கி இல்லை. வால்கா ஆறு கைமாறினால், தெற்கே இருந்து படகில் வருகிற எண்ணெய் இல்லை. ஹிட்லர் கண் வைத்ததும் அதற்குத்தான்.

1942 ஜூன் 28-ந்தேதி ஜெர்மன் படை தெற்கு ரஷியாவில் பாய்ந்தது. ஒரே மாதத்தில் டான் ஆற்றை நெருங்கிவிட்டது. ஜூலை 28-ந்தேதி ஸ்டாலின் ஒரு கடும் உத்தரவு போட்டார். நம்பர் 227. ஒரு அடிகூடப் பின்வாங்கக்கூடாது என்பது அதன் சாரம். பின்வாங்கினால் என்ன தண்டனை என்பதும் அதில் இருந்தது.

உத்தரவு போட்டாகிவிட்டது. ஊரைக் காப்பாற்றப் போதுமான படை?

அதுதான் இல்லை!

ஒரு லட்சம் பெண்கள்

இந்த ரெஜிமெண்டில் பெண்கள் எப்படி வந்தார்கள்?

1941-ல் ரஷியா இழந்த ஆண் வீரர்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. போர்முனைக்கு ஆள் வேண்டும். நகரங்களுக்குப் பின்னால் பீரங்கியோடு உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பெயர்த்து முன்னால் அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் யாரை வைப்பது?

1942 மார்ச் 25-ந்தேதி அரசு பாதுகாப்புக் குழு ஒரு முடிவு எடுத்தது. கம்யூனிஸ்டு இளைஞர் சங்கத்தில் இருந்து ஒரு லட்சம் பெண்களை விமான எதிர்ப்புப் படைக்கு எடுப்பது என்பதே அந்த முடிவு. ஸ்டாலின்கிராடிலும் ஆள் எடுத்தார்கள். உள்ளூர் பெண்கள். தங்கள் வீடு, தங்கள் தெரு, அம்மா, தம்பி தங்கை எல்லாம் பீரங்கிக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில்.

இது அந்த வழக்கில் முக்கியமான விஷயம். ஓட வேண்டும் என்றால் எங்கே ஓடுவது?

இங்கிலாந்திலும் 1941-ல் இருந்து பெண்கள் விமான எதிர்ப்புப் படையில் சேர்ந்தார்கள். பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரியே அப்படி ஒரு படையில் வேலை பார்த்தார். ஆனால் அங்கே ஒரு விதி. பெண்கள் கருவியைப் பார்க்கலாம், தூரம் கணக்குப் போடலாம். பீரங்கியை வெடிக்க வைக்கிற வேலை மட்டும் ஆண்களுக்கு.

ஸ்டாலின்கிராடில் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி விதி பார்க்க நேரம் இருக்கவில்லை.

பீரங்கி எப்படிச் சுடும்?

இந்த ரெஜிமெண்டிடம் இருந்தவை 85 மில்லிமீட்டர் பீரங்கிகள். 1939-ம் ஆண்டு மாடல். ஒவ்வொன்றும் நாலரை டன் எடை. ஒரு குண்டு மட்டும் 9 கிலோவுக்கு மேல். பித்தளைக் கூட்டோடு சேர்த்துத் தூக்கினால் 15 கிலோ சொச்சம். நிமிடத்துக்கு 15 குண்டு சுடலாம் என்பது புத்தகக் கணக்கு. நாலு நிமிடம் அப்படித் தூக்கிப் போட்டால் கை என்ன ஆகும் என்று புத்தகத்தில் எழுதவில்லை.

விமானத்தைச் சுடுவது, கல் எறிந்து மாங்காய் அடிப்பது போன்ற வேலை அல்ல. விமானம் இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு போய்ச் சேருவதற்குள் விமானம் தாண்டிப் போய்விடும். எனவே முதலில் ஒருத்தி தூரம் காட்டும் கருவியில் கண்ணை வைத்து, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்று பார்த்துச் சொல்வாள். அதைக் கணக்குப் பெட்டி ஒன்றில் போடுவார்கள். அது விமானத்தின் வேகத்தையும் போகிற திசையையும் வைத்து, இன்னும் சில வினாடிகளில் விமானம் எங்கே இருக்கும் என்று சொல்லும். அந்த இடத்துக்குக் குழாயைத் திருப்ப வேண்டும். குண்டின் மூக்கில் உள்ள திரியை அத்தனை வினாடிக்கு முறுக்கி வைக்க வேண்டும். அப்புறம்தான் சுடுவது. குண்டு விமானத்தில் பட வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் வெடித்துச் சிதறினாலே போதும்.

ஏழெட்டுப் பேர் ஒரே மூச்சாகச் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் தப்பாகச் சொன்னால் அத்தனையும் வீண். கணக்கு தெரிய வேண்டும், கண் கூர்மை வேண்டும், பதட்டம் கூடாது. பள்ளிப்படிப்பு முடித்த பெண்களுக்கு அங்கே மவுசு வந்ததற்கு இதுதான் காரணம்.

டாங்கி வந்தால் இந்தக் கணக்குப் பெட்டி எல்லாம் குப்பை.

அது வேறு வித்தை. குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும். வானத்தைப் பார்த்து நிற்கும் பீரங்கியைச் சுற்றிப் பாதுகாப்புக்கு மண்கரை போட்டிருப்பார்கள். குழாய் கீழே வந்தால் அந்தக் கரையே குறுக்கே நிற்கும். அதையும் வெட்டித் தள்ள வேண்டும். பிறகு டாங்கியைக் கண்ணால் பார்த்து, குறி வைத்து, நேராகச் சுட வேண்டும். நீ அதைப் பார்க்கும்போது அதுவும் உன்னைப் பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு நல்ல சங்கதியும் உண்டு. விமானத்தை எட்ட வேண்டும் என்பதால் இந்தப் பீரங்கியில் குண்டின் வேகம் மிக அதிகம். வினாடிக்குச் சுமார் 800 மீட்டர். அந்த வேகத்தில் போய் மோதினால் அன்றைய ஜெர்மன் டாங்கியின் இரும்புத் தகடு தாங்காது. ஜெர்மானியர்களும் தங்கள் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்பு பீரங்கியால் டாங்கிகளைப் பொசுக்கிக் கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் தெரிந்து செய்தார்கள். இந்தப் பெண்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

புழுதி தெரிந்தது

23-ந்தேதி விடியற்காலை ஜெர்மனியின் 16-வது டாங்கி டிவிஷன் டான் ஆற்றைத் தாண்டியது. தளபதியின் பெயர் ஹூபே. முதல் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு டாங்கிப் படையை நடத்தியவர்.

டானில் இருந்து வால்காவுக்கு அந்த இடத்தில் சுமார் 60 கிலோ மீட்டர். நடுவே மரம் இல்லை, மலை இல்லை. வெயிலில் காய்ந்து கட்டாந்தரையான புல்வெளி. டாங்கி ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல ரோடு கிடைக்காது. தலைக்கு மேலே ஜெர்மன் விமானங்கள் கூடவே வந்தன.

இரண்டு வரிசையாக டாங்கிகள் நகரத்தை நோக்கி வருகின்றன என்று ரஷிய விமானிகள் மேலே இருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அந்தப் போர்முனையின் தளபதி எரமென்கோ. காலில் காயம்பட்டு கைத்தடி ஊன்றி நடந்த நேரம் அது. அவரது அலுவலகம் ஊர் நடுவே ஒரு ஓடைப் பள்ளத்தாக்கில், பூமிக்கு அடியில். முதல் தகவலை அங்கே யாரும் லேசில் நம்பவில்லை. மறுபடி போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார்கள். அதே பதில்தான் வந்தது.

அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது டாங்கிப் படை!

ஊருக்குள் ஜனங்களுக்கு எதுவும் தெரியாது. பெருமளவில் பொதுமக்களை வெளியேற்றவும் இல்லை. டிராக்டர் தொழிற்சாலையில் ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது.

கும்ராக் பக்கம் முதல் குண்டு

நகரத்துக்கு மேற்கே கும்ராக் என்று ஒரு விமான நிலையம். ஜெர்மன் டாங்கிகள் அந்த வட்டாரத்தைத் தாண்டியபோதுதான் அதுவரை இல்லாத எதிர்ப்பு கிளம்பியது.

விமான எதிர்ப்பு பீரங்கிப் படைக்கு அப்போது ஒரு சிக்கல். குண்டு குறைவு, அதனால் சிக்கனமாகச் சுட வேண்டும் என்று கட்டுப்பாடு. ஆனால் ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. சும்மா இருக்க முடியுமா? சுட்டார்கள். அந்த நேரத்தில்தான் தரையில் புழுதி தெரிந்தது. புழுதிக்குள் டாங்கி தெரிந்தது.

குழாய்கள் வானத்தில் இருந்து கீழே இறங்கின. மேலிடத்து உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

கும்ராக்கில் இருந்து ஒர்லோவ்கா, லட்டோஷிங்கா, ரைநோக், டிராக்டர் தொழிற்சாலை வரை வடக்குப் பக்கத்தில் ஆங்காங்கே இருந்த பீரங்கித் தளங்கள் ஒவ்வொன்றாகச் சண்டையில் இறங்கின. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் தொடர்பு அறுந்தது. அவரவர் கண்ணுக்கு எதிரே வந்ததை அவரவர் சுட்டார்கள். மேலே இருந்து ஸ்டூகா விமானங்கள் குத்திட்டு வந்து குண்டு போட்டன. எதிரே டாங்கி. வானத்தைச் சுடுவதா, தரையைச் சுடுவதா?

பல தளங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தன.

இரண்டு சாட்சிகள்

ஒரு சம்பவம் என்றால் சாட்சி வேண்டும். இந்தச் சம்பவத்துக்கு இரண்டு தரப்பிலும் சாட்சி இருக்கிறது.

முதல் சாட்சி கேப்டன் சர்க்கிஸ்யான். ரஷியப் படையில் மோர்ட்டார் பிரிவு ஒன்றின் அதிகாரி. பீரங்கித் தளங்களுக்கு அருகே இருந்து பார்த்தவர். "சிவப்பு நட்சத்திரம்" என்ற ராணுவப் பத்திரிகையின் நிருபர் வாசிலி கிராஸ்மன் பின்னால் அவரைச் சந்தித்துக் கேட்டு எழுதி வைத்தார். பீரங்கிச் சத்தம் நின்றுபோகும், தளம் ஒழிந்தது என்று கேப்டன் நினைப்பார், கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் இருந்து மறுபடியும் குண்டு கிளம்பும். இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை. இதுதான் அவருடைய வாக்குமூலத்தின் சாரம்.

அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும்? செத்தவர்களை நகர்த்திவிட்டு மிச்சம் இருப்பவர்கள் இடம் மாறி நின்றிருப்பார்கள். தூரம் பார்த்தவள் குண்டு தூக்க வந்திருப்பாள். வேறு எப்படியும் ஒரு பீரங்கி மறுபடி வெடிக்காது.

பதுங்கு குழிக்குள் போங்கள் என்று சொன்னதைப் பெண்கள் கேட்கவில்லை என்றும் ரஷியத் தரப்பில் பதிவாகி இருக்கிறது.

இரண்டாவது சாட்சி எதிரி. 16-வது டாங்கி டிவிஷன் தனது போர்க் குறிப்பில் இதை எழுதி வைத்தது. 37 விமான எதிர்ப்பு பீரங்கித் தளங்களோடு மாலை வரை குண்டுக்குக் குண்டு மோத வேண்டியிருந்தது என்றும், விடாப்பிடியாகச் சண்டை போட்டவர்கள் பெண்கள் என்றும், எல்லாத் தளங்களையும் அழித்த பிறகே அது ஓய்ந்தது என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது.

எதிரியைப் புகழ வேண்டும் என்று ஜெர்மன் அதிகாரிக்கு ஒரு அவசியமும் கிடையாது. ஆகவே இந்த சாட்சிக்குத்தான் எடை அதிகம்.

கடைசியில் அந்தத் தளங்களுக்குள் ஏறிப் பார்த்த ஜெர்மன் வீரர்கள் திகைத்துப் போனார்கள். யாரைச் சுட்டோம் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

83 டாங்கிகளா?

ரஷியத் தரப்பில் சொல்லப்படும் கணக்கு இது: இரண்டு நாள் சண்டையில் 83 டாங்கிகள், 15 மற்ற வாகனங்கள், 14 விமானங்கள். மூன்று பட்டாளம் காலாட்படையும் சிதறி ஓடியதாகச் சொல்வார்கள்.

83 என்பதை அப்படியே விழுங்க முடியாது. அந்த டிவிஷன் அதன்பிறகும் வாரக்கணக்கில் டாங்கிகளோடு அதே வட்டாரத்தில் நின்று சண்டை போட்டது. யுத்தத்தில் எல்லாத் தரப்பும் எதிரியின் சேதத்தைக் கூட்டித்தான் எழுதும். ஒரே டாங்கியை இரண்டு தளங்கள் சுட்டால் இரண்டு கணக்கில் ஏறும். சங்கிலி அறுந்து நின்ற டாங்கியை ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துப் போய் ரிப்பேர் செய்துவிடுவார்கள். ரஷிய ஏட்டில் அது செத்துப்போன டாங்கி. ஜெர்மன் ஏட்டில் உயிரோடு இருக்கும்.

எல்லா பீரங்கியிலும் பெண்கள் மட்டுமே இருந்தார்கள் என்று பேசுவதும் சரியல்ல. ஆண்களும் இருந்தார்கள். குண்டு தூக்கிப் போடும் வேலையில் ஆண்கள் அதிகம், கருவிகளிலும் டெலிபோனிலும் பெண்கள் அதிகம் என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. பின்னால் வந்த ரஷிய ஆராய்ச்சியாளர்களே இதைச் சுட்டிக்காட்டி இருக்கிறார்கள்.

ஆனால் கணக்கைக் குறைத்தாலும் சம்பவம் குறையாது. 37 தளங்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டியிருந்ததில் ஜெர்மானியர்களுக்கு அன்று பொழுது போய்விட்டது. டிராக்டர் தொழிற்சாலைக்கு அந்தப் பொழுதுதான் கிடைத்தது.

ஷிப்டு முடியவில்லை

தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். பெயிண்டு அடிக்காத டி-34 டாங்கிகளைத் தொழிற்சாலை வாசலில் இருந்து நேராகச் சண்டைக்கு ஓட்டிப் போனார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் 10-வது டிவிஷனில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலைக்கு வடக்கே மெச்செத்கா என்று ஒரு ஓடை. அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் ஜெர்மன் டாங்கியை வரவிடாமல் நிறுத்தினார்கள். 24-ந்தேதியும் அங்கே சண்டைதான்.

டிராக்டர் தொழிற்சாலை கடைசியில் ஜெர்மன் கையில் விழுந்தது அக்டோபர் 14-ந்தேதி. ஆகஸ்டு 23-ந்தேதி மாலை வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே நுழைய ஏழு வாரம் ஆனது.

ஊர் எரிந்தது

இதே மாலையில் நகரத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்லாமல் விட முடியாது.

நாலு மணிக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்தன. தளபதி ரிக்தோஃபன். 1937-ல் ஸ்பெயினில் கெர்னிக்கா ஊரைக் குண்டு வீசி அழித்த படையில் இருந்தவர். அன்று அவரது விமானங்கள் சுமார் 1,600 தடவை பறந்து சுமார் 1,000 டன் குண்டு போட்டன. மர வீடுகள் தெருத் தெருவாக எரிந்தன. குடிதண்ணீர் நிலையம் உடைந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சு போனது. தண்ணீர் இல்லாமல் தீயணைப்புப் படை எதை வைத்து அணைக்கும்? ஆற்றங்கரை எண்ணெய் டாங்கிகள் வெடித்து, எரிகிற எண்ணெய் வால்காவில் ஓடியது. ஆறே எரிந்தது போல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செத்தவர்கள் 40 ஆயிரம் பேர் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அவ்வளவு இருக்காது என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அகதிகள் எத்தனை பேர் ஊரில் இருந்தார்கள் என்றே கணக்கு இல்லாதபோது செத்தவர்களை எப்படி எண்ணுவது?

வடக்குப் பக்கத்து விமான எதிர்ப்பு பீரங்கிகள் டாங்கியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த நேரம் அது. வானத்தைக் காக்க வேண்டியவர்கள் தரையைக் காக்கப் போனதால் அந்தப் பக்கத்து வானம் திறந்து கிடந்தது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று போகும். அன்றைக்கு அப்படி ஒரு நிலைமை.

கப்பலில் ஆயிரம் பேர்

பீரங்கித் தளங்கள் விழுந்ததால் ஜெர்மானியர்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று லட்டோஷிங்கா. ஆற்றங்கரையில் உள்ள இடம். அங்கே நின்றால் வால்காவில் போகிற எந்தப் படகும் கண்ணுக்குத் தப்பாது.

நாலு நாள் கழித்து, ஆகஸ்டு 27-ந்தேதி, "ஜோசப் ஸ்டாலின்" என்ற நீராவிக் கப்பல் ஊரை விட்டு வெளியேறும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனது. கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல். பெண்கள், குழந்தைகள், காயம்பட்டவர்கள்.

லட்டோஷிங்கா பக்கம் வந்தபோது கரையில் இருந்து ஜெர்மானியர்கள் சுட்டார்கள். கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. பிழைத்தவர்கள் 200 பேருக்கும் குறைவு.

23-ந்தேதி அந்தக் கரையில் நின்ற பெண்கள் எதை மறித்துக் கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கு அன்று விளங்கியது.

மறுபடியும் கும்ராக்

நவம்பர் 19-ந்தேதி ரஷியப் படை திருப்பி அடித்தது. நாலே நாளில் ஸ்டாலின்கிராடில் இருந்த ஜெர்மன் 6-வது ராணுவம் முழுசாக வளைக்கப்பட்டது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சோறு, குண்டு, பெட்ரோல் எல்லாம் ஆகாய மார்க்கமாகத்தான் வர வேண்டும்.

இப்போது காட்சி தலைகீழ்!

ரஷியர்கள் விமானப் பாதை நெடுகிலும் விமான எதிர்ப்பு பீரங்கிகளை நிறுத்தினார்கள். மெதுவாக வந்த ஜங்கர்ஸ் சரக்கு விமானங்கள் வசமாக மாட்டின. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனி இழந்த சரக்கு விமானங்கள் 500-க்குக் கொஞ்சம் குறைவு. பீரங்கிக் குண்டு, பனி, ரிப்பேர் என்று பல காரணம். உள்ளே இருந்தவர்கள் குதிரையை அறுத்துச் சாப்பிட்டார்கள்.

ஜெர்மானியர்களுக்குக் கடைசியாக மிஞ்சிய பெரிய விமான நிலையம் எது தெரியுமா? கும்ராக். ஆகஸ்டு மாதம் எந்த இடத்தைத் தாண்டியபோது பெண்களின் பீரங்கி முதலில் முழங்கியதோ, அதே கும்ராக். காயம்பட்டவர்கள் அங்கே விமானத்துக்காகப் பனியில் கிடந்தார்கள். 1943 ஜனவரி 22, 23-ந்தேதிகளில் அதுவும் கைமாறியது. ஜனவரி 31-ந்தேதி தளபதி பவுலஸ் பிடிபட்டார். பிப்ரவரி 2-ந்தேதி எல்லாம் முடிந்தது. கைதியானவர்கள் சுமார் 91 ஆயிரம் பேர். பல வருடம் கழித்து வீடு திரும்பியவர்கள் ஐந்தாறு ஆயிரம்.

பீரங்கிக்கு மறுபிறவி

அந்த 85 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் ஒரு பின்கதை உண்டு. விமானத்துக்காகச் செய்த பீரங்கி டாங்கியைத் துளைக்கும் என்பது ரஷிய என்ஜினீயர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம். போர்க்களமும் அதையே சொன்னது. பெரிய பெரிய ஜெர்மன் டாங்கிகள் வந்ததும், அந்தப் பீரங்கியை அடியாக வைத்துப் புதுக் குழாய் செய்து டாங்கியிலேயே பொருத்தினார்கள். 1944-ல் டி-34-85 என்ற பெயரில் வந்த அந்த டாங்கிதான் பெர்லின் வரை போனது.

யுத்தம் முழுவதும் ரஷியப் படையில் இருந்த பெண்கள் 8 லட்சம் பேர் என்பது பொதுவான கணக்கு. இதில் பெரிய பங்கு விமான எதிர்ப்புப் படைக்கு. விமானம் ஓட்டிய பெண்களுக்குப் பெயரும் படமும் நிறைய உண்டு. பீரங்கிப் பெண்களுக்கு அவ்வளவு இல்லை. 37 தளங்களில் செத்தவர்களை 37 தளங்கள் என்றுதான் உலகம் எண்ணுகிறது. கிராஸ்மன் மாதிரி ஒரு நிருபர் போய் விசாரிக்காமல் இருந்திருந்தால் இதுவும் இருந்திருக்காது. சண்டை போட்டவர்களே உயிரோடு இருந்து சொல்ல வேண்டிய கதையை, பக்கத்தில் இருந்து சத்தம் கேட்ட ஒரு கேப்டன் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊர் முழுவதும் திரும்பக் கட்டியாகிவிட்டது. மாமாயேவ் குன்றின் மேல் 1967-ல் வாளோடு நிற்கும் தாய் சிலையை வைத்தார்கள். 85 மீட்டர் உயரம். 2013-ல் நகர சபை ஒரு தீர்மானம் போட்டது. ஊரின் பெயர் வால்கோகிராடுதான், ஆனால் வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் விழாக்களில் ஸ்டாலின்கிராடு என்று சொல்லலாம் என்பது தீர்மானம். அந்த நாட்களில் ஒன்று ஆகஸ்டு 23.

கும்ராக் விமான நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் ஸ்டாலின்கிராடு என்று பெயர் சூட்டினார்கள்.